ஆர்தரை நீக்க வேண்டுமா? ஒரு பரமட்டா ரசிகனின் நாட்குறிப்பு

20 ஏப்ரல் 2024, சனிக்கிழமை

டார்வினில் நேற்றிரவு பரமட்டா ஈல்ஸ் 44–16 என்ற கணக்கில் டால்ஃபின்ஸிடம் தோற்றது. டால்ஃபின்ஸ் 2023இல்தான் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடரான என்ஆர்எல்லுக்குள் வந்த கழகம். பரமட்டா 1947 முதல் ஆடிவருவது. காலையில் கைபேசியைத் திறந்தால் நண்பர்களின் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: பயிற்சியாளர் பிராட் ஆர்தரை இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறார்கள்?

என் மகன் நீக்க வேண்டும் என்ற கட்சி. சிட்னியின் மேற்குப் புறத்திலேயே பிறந்து வளர்ந்த அவன், தன் கழகம் கோப்பையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. கடைசிக் கோப்பை 1986இல் வந்தது. கேன்டர்பரியை 4–2 என்று வென்ற அந்த இறுதிப்போட்டியில் இரு தரப்பிலும் ஒரு ட்ரைகூட (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பது) விழவில்லை. “ஆர்தருக்கு இது பதினோராவது பருவம் அப்பா, கோப்பையே வாங்கித் தராத ஒருவரை வேறு எந்தக் கழகம் இவ்வளவு காலம் வைத்திருக்கும்?” என்று அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தாக்குதலை இயக்கும் ஹாஃப்பேக் மிட்செல் மோசஸ் கால் எலும்பு முறிந்து வெளியே இருக்கிறாரே என்றேன். தாக்குதல் தடுமாறுவதற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம், 44 புள்ளிகளை விட்டுக்கொடுத்த தடுப்பாட்டத்திற்கும் மோசஸின் காலுக்கும் என்ன தொடர்பு என்று திருப்பிக் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விளிம்பில் நிற்பவர் எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வாரம் முழுவதும் பயிற்சியில் பழக்கப்படுத்த வேண்டியவை. அது பயிற்சியாளரின் வேலைதான்.

1 மே 2024, புதன்கிழமை

சவுத் சிட்னி ராபிட்டோஸ் கழகம் நேற்று தன் பயிற்சியாளர் ஜேசன் டிமெட்ரியுவை நீக்கிவிட்டது. பருவத்தின் முதல் தலை உருண்டாயிற்று. அடுத்தது யார் என்ற பேச்சில் ஆர்தரின் பெயர் முன்னே நிற்கிறது.

மதிய உணவின்போது அலுவலக நண்பர் ஒருவர், தீவிரமான பென்ரித் ரசிகர், தம் கழகத்தின் கதையைச் சொல்லி என்னை எச்சரித்தார். 2015 முடிவில் பென்ரித் கழகம் ஐவன் கிளியரியை அனுப்பிவிட்டது. அதே கிளியரி 2019இல் திரும்பி வந்து 2021, 2022, 2023 என்று அடுத்தடுத்து மூன்று கோப்பைகளை வென்று தந்தார். நல்ல மனிதரை அவசரப்பட்டு அனுப்பினால் பிறகு தேடி அழைக்க நேரும் என்பது அவருடைய முடிவு. மாலையில் இதை மகனிடம் சொன்னபோது அவன் அதே கதையின் விடுபட்ட பக்கத்தை எடுத்துவைத்தான். கிளியரிக்குப் பின் வந்த அந்தோனி கிரிஃபினை, அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறும் முதல் எட்டு இடங்களுக்குள் இருந்தபோதே, 2018 ஆகஸ்டில் அந்தச் சுற்றுகளுக்குச் சில வாரங்கள் இருக்கையில் பென்ரித் நீக்கியது. நீக்கியிராவிட்டால் கிளியரி திரும்பியிருக்கவே முடியாது, அந்த மூன்று கோப்பைகளும் வந்திரா என்கிறான். ஒரே கழகத்தின் வரலாறு இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது.

ஆனால் நமக்கு இன்னும் அருகிலுள்ள சாட்சி வெஸ்ட்ஸ் டைகர்ஸ். 2022 ஜூனில் மைக்கேல் மக்வயரை நீக்கினார்கள்; அந்த ஆண்டைக் கடைசி இடத்தில் முடித்தார்கள். 2005இல் தங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்த டிம் ஷீன்ஸை அழைத்து வந்தார்கள். 2023இலும் கடைசி இடம்தான். இப்போது பென்ஜி மார்ஷலின் கையில் அணி இருக்கிறது.

12 மே 2024, ஞாயிற்றுக்கிழமை

இன்று எதிர்வீட்டுப் பெரியவருடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். 1981இல் பரமட்டா முதன்முதலாகக் கோப்பை வென்ற இரவில் ரசிகர்கள் மகிழ்ச்சி மிகுதியால் தங்கள் சொந்த மைதானமான கம்பர்லேண்ட் ஓவலையே கொளுத்திவிட்டார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த இரவில் அங்கே இருந்தவர் இவர். தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஆர்தரை நீக்கக் கூடாது என்கிறார். காரணம் கேட்டால் 2006இலிருந்து தொடங்குகிறார்.

அவர் சொன்ன வரிசையை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் நீக்கச் சொல்லும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. பத்தாவது பருவத்தில் இருந்த பிரையன் ஸ்மித் 2006இன் நடுவில் விலகினார். பருவத்தின் மீதியை ஜேசன் டெய்லர் தாங்கினார். பிறகு மைக்கேல் ஹேகன் இரண்டு ஆண்டுகள். அடுத்து வந்த டேனியல் ஆண்டர்சன் 2009இல் அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். மறு ஆண்டு சறுக்கியதும் அவரையும் அனுப்பிவிட்டார்கள். ஸ்டீபன் கியர்னி வந்தார், 2012இன் நடுவில் போனார், அணி கடைசி இடத்தில் முடிந்தது. ரிக்கி ஸ்டுவர்ட் 2013இல் வந்து, பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே பன்னிரண்டு வீரர்களிடம் அடுத்த ஆண்டு நீங்கள் தேவையில்லை என்று அறிவித்தார். மறுபடியும் கடைசி இடம். ஒரே ஆண்டில் அவரும் கிளம்பிவிட்டார். இந்த இடிபாட்டைத்தான் 2014இல் ஆர்தர் கையில் எடுத்தார்.

எடுத்தபின்னும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. கழக நிர்வாகம் வீரர்களின் சம்பள உச்சவரம்பை மீறியது 2016இல் அம்பலமாகி, பத்து லட்சம் டாலர் அபராதமும் 12 புள்ளிகள் குறைப்பும் வந்தன. அந்தப் புள்ளிகள் கையில் இருந்திருந்தால் அணி முதல் எட்டுக்குள் போயிருக்கும். செய்தவர்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள், தண்டனையை அனுபவித்தவர்கள் களத்தில் இருந்தவர்கள். மறு ஆண்டே ஆர்தர் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். 2018இல் மீண்டும் கடைசி இடத்துக்கு விழுந்தபோது நீக்கச் சொல்லி இதைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது; கழகம் பொறுத்தது. 2019இல் புதிய மைதானத்தில் நடந்த இறுதிச் சுற்று ஆட்டத்தில் பிரிஸ்பேனை 58–0 என்று நொறுக்கினார்கள். 2021இல் பென்ரித்திடம் 8–6 என்று இரண்டே புள்ளியில் வெளியேறினார்கள், 2022இல் இறுதிப்போட்டி ஆடினார்கள். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்று என்பது இந்தக் கழகத்தில் பல காலமாக யாரும் காணாத ஒன்று.

நான் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. 2022 இறுதிப்போட்டியில் பென்ரித்திடம் 28–12 என்று தோற்ற அந்த அணியைப் பாருங்கள். ஹூக்கர் ரீட் மஹோனி, முன்வரிசையை உந்தித் தள்ளிய ஐசாயா பபாலீ, மராட்டா நியுகோரே, ஒரிகன் கவ்ஃபூசி ஆகிய நால்வரும் அடுத்த ஆண்டு வேறு கழகங்களுக்கு ஆடப் போகிறோம் என்று தெரிந்தேதான் அன்று களமிறங்கினார்கள். என்ஆர்எல் விதிப்படி ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையப்போகும் வீரர் முந்தைய நவம்பர் 1 முதல் பிற கழகங்களுடன் பேசலாம். பபாலீ 2021இன் கடைசி மாதங்களிலேயே டைகர்ஸுடன் பேசி முடித்துவிட்டார். முதன்மை வீரர்கள் முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு என்பதால் நட்சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுத்தால் நடுத்தர விலையில் உள்ள இப்படிப்பட்டவர்கள்தான் நழுவிப் போவார்கள்.

மஹோனியின் இடத்துக்கு ஜோஷ் ஹாட்சனைக் கொண்டுவந்தார்கள். சிறந்த ஹூக்கர்தான், ஆனால் வயது ஏறியவர், காயங்களோடு வந்தவர். கழுத்துக் காயத்தால் 2023இலேயே ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பின்னும் பந்தை முதலில் தொடுபவர் ஹூக்கர். உலையில் அரிசி போடாமல் சமையற்காரரைத் திட்டுவதுபோல் இருக்கிறது இந்தக் கழகத்தில் நடப்பது.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. வீரர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஆர்தருக்குக் குரலே இல்லையா என்கிறான். பத்து ஆண்டுகள் இருந்த பயிற்சியாளருக்கு நிச்சயமாகக் குரல் இருந்திருக்கும். ஆனால் பயிற்சியாளருக்கு மட்டும் இருந்ததா என்பதே என் கேள்வி.

20 மே 2024, திங்கட்கிழமை

நீக்கிவிட்டார்கள்.

எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் ஆடும் மேஜிக் ரவுண்டில், பிரிஸ்பேனில், மெல்பர்ன் ஸ்டார்ம் 48–16 என்று வென்ற சூட்டோடு முடிவு வந்துவிட்டது. இந்தக் கழகத்தில் ஆர்தரைவிட நீண்ட காலம் இருந்த பயிற்சியாளர் வேறு ஒருவர் இல்லை. அவருடைய ஒப்பந்தம் 2025 முடிய இருந்தது. பருவத்தின் நடுவில் முப்பது வீரர்களை மாற்ற எந்தக் கழகத்தாலும் முடியாது. பயிற்சியாளர் ஒருவரை மட்டும் ஒரே நாளில் மாற்றலாம், அவருக்குக் கொடுக்க வேண்டிய பணமும் வீரர்களுக்கான உச்சவரம்பில் சேராது. இந்த வசதிதான் உலகம் முழுவதும் பயிற்சியாளர்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மகன் வெற்றி பெற்றவனைப்போல இருப்பான் என்று எதிர்பார்த்தேன்; அவன் பேசவே இல்லை. 2022இல் ஆர்தரின் மகன் ஜேக்கப் பரமட்டா சட்டையில் ஆடியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்ததை நாங்கள் இருவரும் கண்டித்திருக்கிறோம். அப்பாவின் மீதுள்ள கோபத்தை மகன்மீது காட்டிய அந்தக் கூட்டம் இன்று கொண்டாடுகிறது; அந்தக் கொண்டாட்டத்தில் சேர அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் நின்றபடி, “ஏழாவது முறை, எட்டாவது முறை, எனக்குக் கணக்கே விட்டுப்போச்சு” என்று மட்டும் சொன்னார்.

2 ஜூன் 2024, ஞாயிற்றுக்கிழமை

பருவம் முடியும்வரை பொறுப்பு துணைப் பயிற்சியாளர் டிரென்ட் பேரட்டின் கையில். கேன்டர்பரியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது 34 ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே வென்று 2022 மே மாதம் விலகியவர் இவர். அவர்மீது எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. ஆனால் மேலான ஒருவர் கையில் தயாராக இருக்கும்போது நீக்குவது வேறு, யாரும் இல்லாமல் நீக்குவது வேறு. அதே வீரர்கள், அதே தடுப்பாட்டம், அதே துணைக்குழு; நாற்காலியில் உட்காருபவர் மட்டும் வேறு.

18 ஜூலை 2024, வியாழக்கிழமை

நேற்றிரவு, இரு மாநில அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் மூன்றாம் ஆட்டம். பிரிஸ்பேனிலேயே குயின்ஸ்லாந்தை 14–4 என்று வென்று நியூ சவுத் வேல்ஸ் தொடரைக் கைப்பற்றிவிட்டது. பயிற்சியாளர் மைக்கேல் மக்வயர்; ஆம், டைகர்ஸ் கழகம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்று அனுப்பிய அதே மக்வயர். வெற்றியை உறுதி செய்த இரண்டாவது ட்ரையைப் போட்டவர் நம் மிட்செல் மோசஸ், கால் குணமாகித் திரும்பியவர்.

மகனும் நானும் ஆர்ப்பரித்துத் தீர்ந்தபின் பழைய வாதம் மீண்டும் வந்தது. டைகர்ஸில் மக்வயர் மோசமான பயிற்சியாளராக இருந்தாரா, இல்லை மோசமான அணியை வைத்திருந்தாரா? சவுத் சிட்னிக்கு 2014இல் கோப்பை வாங்கித் தந்தவர் நடுவில் நான்கு ஆண்டுகள் மட்டும் எப்படி ஒன்றும் தெரியாதவராக ஆகியிருப்பார்? மாநில அணிக்கு நல்ல வீரர்களைத் திரட்டிக் கொடுத்தால் யாரும் வெல்வார்கள் என்றான் மகன். நானும் அதைத்தானே ஏப்ரல் முதல் சொல்லிவருகிறேன் என்றேன். எழுந்து தேநீர் போடப் போய்விட்டான்.

28 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை

இந்த மாதம் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஆர்தருக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் கழகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவர்களும் ஜூனில்தான் தங்கள் பயிற்சியாளர் ரோஹன் ஸ்மித்தைப் பிரிந்தவர்கள். அந்த ஊர் ரசிகர்களும் இதே வாதத்தைச் செய்து முடித்த கையோடு நம்மவரை வரவேற்கிறார்கள். பரமட்டாவுக்கு அடுத்த ஆண்டு முதல் ஜேசன் ரைல்ஸ் வருகிறார். மெல்பர்னில் கிரேக் பெலமியிடம் துணைப் பயிற்சியாளராக இருப்பவர். என்ஆர்எல் அணியொன்றுக்குத் தலைமை தாங்குவது இதுவே முதல் முறை. மூத்த பயிற்சியாளர் வேய்ன் பெனட் வருவார் என்று நம்பியிருந்த கூட்டம் முகம் தொங்கிப் போயிருக்கிறது. அவர் சவுத் சிட்னிக்கே திரும்புகிறார்.

ரைல்ஸை நான் வரவேற்கிறேன். ஆர்தரை அனுப்பிய விதம் பிடிக்கவில்லை என்பதற்காக வருபவர்மீது பகை கொள்வது முறையன்று. மகன் கைபேசியில் அடுத்த ஆண்டுக்கான தன் பதின்மூன்று பேரை எழுதிக் காட்டினான்; ஃபுல்பேக் முதல் லாக் வரை நிரப்பியிருந்தான், ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே மட்டும் கேள்விக்குறி. ஹூக்கர் யார் என்று நிர்வாகம் இன்னும் சொல்லவில்லை. நவம்பர் 1 வர மூன்று மாதங்கள் இருக்கின்றன. அன்று யார் யாரெல்லாம் பிற கழகங்களுடன் பேசத் தொடங்கலாம் என்ற பட்டியலை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.