பின்பால் மெஷினில் போர்டு ஆடாமல் இருக்க

எழுபதுகளின் கடைசியில் வந்த பாலி (Bally) கம்பெனியின் பின்பால் மெஷினில், அதாவது பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டு மெஷினில், பின்பெட்டியைத் திறந்தால் சர்க்யூட் போர்டுகள் எல்லாம் நைலான் தாங்கிகளில் கவ்விக்கொண்டு நிற்கும். புதிதில் நல்ல ஏற்பாடுதான், இத்தனை வருடம் கழித்து விரல் பட்டாலே முனை முறிந்து கையோடு வருகிறது. என்னுடையதில் சோலினாய்டுகளை (பந்தைத் தட்டும் மின்காந்தச் சுருள்களை) இயக்கும் டிரைவர் போர்டு இரண்டு மூலையில்தான் பிடித்திருந்தது, மீதிப் பாரத்தை ஒயர் கட்டு தாங்கிக்கொண்டிருந்தது. பந்தை அடிக்கும்போதெல்லாம் பெட்டி அதிரும், போர்டு ஆடும், கனெக்டர் ஊசியைச் சுற்றி சால்டரில் மெல்லிய வட்டக் கீறல் விழும், அப்புறம் ஏதோ ஒரு சோலினாய்டு இஷ்டத்துக்கு வேலை செய்யும், நாமோ டிரான்சிஸ்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். அது போதாது: டிஸ்பிளேவுக்கான மின்சாரம் 170 வோல்ட்டுக்கு மேல், பெரிய கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை.

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்கும் அண்ணன், "பித்தளை போடு தம்பி, கெட்டியா நிக்கும்" என்றார். கெட்டியாக நிற்கும்தான், ஆனால் துளைக்குப் பக்கத்தில் செப்புத் தடம் ஓடினால் ஷார்ட் ஆகிவிடும். அதே உயரத்தில் புது நைலானே போட்டேன். வில்லியம்ஸ் கம்பெனியின் பிற்கால மெஷின்களில் கதை நேர்மாறு, அங்கே உலோகத் திருகு வழியாகவும் போர்டுக்கு எர்த் கிடைக்கிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது.

போர்டு வெளியே இருக்கும்போதே எம்பியூவில் (மெஷினின் மூளையான போர்டில்) உள்ள 3.6 வோல்ட் பேட்டரியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் தடத்தையே தின்றுவிடும், பினாங்கு ஈரக்காற்று வேறு.