ஒரு துண்டறிக்கையின் சோதனை: நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) தயாரிக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கையை, அச்சுக்குப் போகுமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துப் பார்க்கும் வேலை இன்று தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளுக்கு இத்தகைய சோதனை சட்டப்படி கட்டாயம். படிப்பவர்களில் 90 விழுக்காட்டினர் தேவையான செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர்களில் 90 விழுக்காட்டினர் அதைப் புரிந்துகொண்டதைக் காட்ட வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். எங்கள் சோதனையில் “புரிந்ததா?” என்ற கேள்விக்கே இடமில்லை; கரைத்துக் காட்டச் சொல்கிறோம். கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், அதிலும் படித்தவர்கள் சற்று உரக்கவே சொல்வார்கள்.

ஜூன் 11, புதன்

“ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும்” என்ற வரியில்தான் இன்றைய பொழுது முழுவதும் கழிந்தது. கல்லூரி மாணவி ஒருவர் லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நொடியில் முடித்துவிட்டார். கூலி வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர், தம் வீட்டுச் சொம்பு லிட்டர் கொள்ளும் என்று உறுதியாக நம்பி அதில் கரைத்தார். அளந்து பார்த்தபோது முக்கால் லிட்டர்கூட இல்லை. பேரனை வளர்க்கும் பாட்டியோ, சின்னக் குழந்தைக்கு இவ்வளவு எதற்கு என்று பாதித் தூளைத் தம்ளரில் கொட்டி, மீதியை மடித்து வைத்தார். சிக்கனமாக வாழ்ந்தவருக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்குரிய 20.5 கிராம் தூளில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது. நீர் குறைந்தால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். நீர் கூடினால் இழந்த உப்பு ஈடாகாது. போதாக்குறைக்குக் கடையில் 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலமும் கிடைக்கிறது, நம் தாளில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஜூன் 14, சனி

லிட்டர் பாட்டிலின் அருகே பெரிய பொட்டலம், தம்ளரின் அருகே சிறிய பொட்டலம் எனப் படம் வரைந்து, “பொட்டலத்தைப் பிரித்து வைக்க வேண்டாம், முழுவதையும் கொட்டவும்” என்று சேர்த்தோம். தமிழ் படிக்கத் தெரியாத கட்டடத் தொழிலாளி ஒருவர் படத்தை மட்டும் பார்த்துச் சரியாகக் கரைத்தார். சொம்பு இன்னும் தொல்லை தருகிறது. படத்தில் இருப்பது பாட்டில், வீட்டில் இருப்பது சொம்பு.

ஜூன் 17, செவ்வாய்

“24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும்” என்பதை, ஒரு நாளுக்குள் லிட்டர் முழுவதையும் குழந்தைக்குப் புகட்டியாக வேண்டும் என்று இருவர் எடுத்துக்கொண்டார்கள். “இன்று காலை கரைத்ததில் மிச்சம் இருந்தால் நாளைக் காலை கொட்டிவிடவும்” என்று மாற்றியபின் அந்தக் குழப்பம் எழவில்லை. கரைசலோடு துத்தநாக மாத்திரையையும் 14 நாள் கொடுக்க வேண்டும் என்று தாள் சொல்கிறது; அந்தக் கணக்குக்கு வரி மாற்றம் உதவவில்லை. பேதி நின்றதும் மாத்திரை எதற்கு என்று கேட்கிறவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். “அடுத்த சில மாதங்களில் மீண்டும் பேதி வரும் வாய்ப்பைக் குறைக்கும்” என்ற வரியை வியாழக்கிழமை அங்கன்வாடியில் வைத்துப் பார்க்கிறோம்.