குரூப் 4-க்குப் படிக்கையில பைபிளையும் முதல்தடவையா படிச்சேன்

இத குரூப் 4 (டிஎன்பிஎஸ்சி நடத்துற அரசு வேலைக்கான பரீட்சை) ரிசல்ட் வந்து வேலையும் கிடைச்சபிறகு எழுதியிருக்கலாம்லன்னு தோணும். சர்ச்ல சாட்சி சொல்றவங்க எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க, ஃபெயிலு, கண்ணீர், உபவாச ஜெபம், அப்புறம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அல்லேலூயா. எனக்கு ஆர்டர் வரல. ரெண்டு அட்டெம்ப்ட் போச்சு, மூணாவதுக்குப் படிச்சிட்டிருக்கேன், வேணும்னுதான் இப்பவே எழுதுறேன். பாளையங்கோட்டை லைப்ரரில என்கூட உக்காந்து படிக்கிற ரெண்டு தங்கச்சிங்க “அக்கா, எங்களுக்கு சர்ச்சே வெறுத்துப்போச்சு, நீங்க மட்டும் எப்படி இன்னும் போறீங்க”ன்னு கேட்டாங்க, நேர்ல ஒழுங்கா பதில் சொல்ல வரல, அதான்.

முதல் அட்டெம்ப்ட் கதைய சொல்லிடுறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல புது வருஷத்துக்குன்னு பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, தட்டுல கவுத்து வச்சிருப்பாங்க, எனக்கு வந்தது எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” அப்படின்னு வர்ற வசனம். குரூப் 4 எழுதப்போற பிள்ளைக்கு “முடிவு”ன்னு பாத்தா என்ன தோணும், தேர்வு முடிவுதான! லேமினேட் பண்ணி சமச்சீர் புக்கு அட்டைல ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஊழியக்காரரோட மாணவர் சிறப்பு ஜெபத்துக்கு அம்மா கூட்டிட்டுப் போனாங்க, ஹால் டிக்கெட்டுக்கு மேல கைய வச்சி ஜெபம் பண்ணி, எண்ணெய் பூசின பேனா ஒண்ணு குடுத்தாங்க, இந்த வருஷமே அரசு உத்தியோகம்னு எனக்கு மட்டும் இல்ல வரிசைல நின்ன எல்லாருக்கும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து மூடியத் திறந்து பாத்தா நீல மை. டிஎன்பிஎஸ்சில கருப்பு பால்பாயின்ட் பேனாதான் யூஸ் பண்ணணும். அப்பவே எனக்கு ஒரு மணி அடிச்சிருக்கணும், அடிக்கல.

பரீட்சைல 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். அதுல தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. தமிழ் நல்லாவே போட்டேன். கணக்குல தனிவட்டி, கூட்டுவட்டி, ஆளும் நாளும் எதையும் நான் கைவச்சே பழகல, வசனம் இருக்குல்ல பாத்துக்கலாம்னு ஒரு தெனாவெட்டு. கட் ஆஃபுக்கு 9 கேள்வி கம்மி. அன்னைக்கு ராத்திரி அந்த லேமினேஷன பிச்சி எறிஞ்சிட்டு, கடவுளாவது மண்ணாவதுன்னு படுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாலு மாசம் போன்தான் வாழ்க்கை. ஒரு ரீல்ஸ்ல ஆமென்னு டைப் பண்ணு 24 மணி நேரத்துல அற்புதம்ம்பாங்க, அடுத்த ரீல்ஸ்ல மதமே ஏமாத்துன்னு ஒருத்தர், அதுக்கு அடுத்ததுல ரெண்டு போதகருங்க ஒருத்தர ஒருத்தர் கள்ளன்ம்பாங்க, கமென்ட்ல ஊரே அடிச்சிக்கும். எல்லாத்தையும் பாத்துட்டு ராத்திரி 2 மணிக்கு போன கவுத்து வைக்கும்போது மனசுல ஒண்ணுமே மிச்சம் இருக்காது, கோவம்கூட.

எங்க ஆச்சிதான் ஒரு நாள் அந்த கிழிஞ்ச அட்டைய குப்பைல இருந்து எடுத்துட்டு வந்து “ஏட்டி, இதுக்கு மேல என்ன எழுதிருக்குன்னு பாத்தியாட்டி?”ன்னு கேட்டாங்க. மேலன்னா? “10-ஆம் வசனம்.” சத்தியமா பாத்ததே இல்ல. பொறந்ததுல இருந்து சர்ச்சு, ஞாயிறு பள்ளி, லீவுல நடக்கிற பைபிள் வகுப்பு (வி.பி.எஸ்.), எல்லாம் போயும் பாத்ததே இல்ல. பைபிள எடுத்தேன். 10-ஆம் வசனத்துல பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்சபிறகுன்னு இருக்கு. 70! அது எருசலேம்ல இருந்து கைதியா இழுத்துட்டுப் போன சனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின லெட்டர், கிமு 597-ல நேபுகாத்நேச்சார் ராஜாவையே பிடிச்சிட்டுப் போனான்ல அந்த சமயம். லெட்டர வாங்கிப் படிச்ச பெரியவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வர உயிரோடவே இருந்திருக்க மாட்டாங்க. அதுக்கு முந்தின 28-ஆம் அதிகாரம் இன்னும் மோசம், அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி கோயில்ல சனங்க முன்னால நின்னு எல்லாம் 2 வருஷத்துல சரியாயிடும்னு சொல்லி, பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு அடையாளமா எரேமியா கழுத்துல கெடந்த நுகத்தப் பிடுங்கி உடைச்சே போடுறான், பாக்க செம மாஸா இருந்திருக்கும், ஆனா அவன் சொன்னது பொய். அதப் படிக்கும்போது எனக்கு யாரு ஞாபகம் வந்தாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. எனக்கு அந்த 2 வருஷம்தான் வேணும்னு இருந்துச்சு, அவங்க அத எடுத்துக் குடுத்தாங்க, அவங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்.

இன்னொண்ணும் பாத்தேன். திருவிவிலியம்னு 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்புல அதே வசனத்துல “எதிர்பார்த்திருக்கும் முடிவு”ங்கிற பேச்சே இல்ல, எதிர்காலம், நம்பிக்கைன்னுதான் வருது. ஒரே வார்த்தைய பிடிச்சிட்டு நான் கட்டின கோட்டைய நெனச்சா சிரிப்பா வந்துச்சு. அதனால தங்கச்சிங்களா, முதல் டிப்ஸ் இதுதான், எந்த வசனம் உங்களுக்கு ஸ்டேட்டஸா வந்தாலும் அந்த அதிகாரம் முழுசையும், முடிஞ்சா முந்தின அதிகாரத்தையும் படிங்க, ரெண்டு மொழிபெயர்ப்ப பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. குரூப் 4-க்கு ஒன்-வேர்ட் மெட்டீரியல மட்டும் படிக்காத, ஸ்கூல் புக்க லைன் பை லைன் படின்னு சொல்றோம்ல, அதத்தான் இங்கயும் சொல்றேன்.

புக்குன்னதும் ஞாபகம் வருது. பன்னிரண்டாம் வகுப்பு தமிழ்ல இரட்சணிய யாத்திரிகம் வரும். கிறித்தவக் கம்பர் யாரு, எச்.ஏ.கிருஷ்ணப்பிள்ளை. எத்தன பாடல், 3766. எத்தன பருவம், 5. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அவரு நம்ம கரையிருப்புக்காரரு, வைணவக் குடும்பம், கம்பராமாயணத்துல ஊறினவரு, சாயர்புரத்துல தமிழ் வாத்தியாரா வேலை பாத்தவரு, 1858-ல ஞானஸ்நானம் எடுக்கும்போது 30 வயசு தாண்டிருச்சு, இதெல்லாம் ஒரு மனுஷனோட வாழ்க்கைன்னு எனக்கு உறைக்கவே இல்ல. அவரு காவியம் வெளிவந்தது 1894-ல, அப்போ அவருக்கு 67 வயசு. ஒரு மத்தியானம் ஒன்-வேர்ட தள்ளி வச்சிட்டு அந்தப் பாட்டுகள மட்டும் மெதுவா படிச்சேன். இயேசுவ கயித்தால கட்டி இழுத்துட்டுப் போற இடம். அவரு நின்னது கயித்துக்குக் கட்டுப்பட்டு இல்ல, தன்னைப் பகைச்ச சனங்க மேல வச்ச அன்புக்குக் கட்டுப்பட்டுங்கிற மாதிரி பாடியிருப்பாரு. ஃபேன் சுத்துற சத்தத்தத் தவிர ஒண்ணும் இல்ல லைப்ரரில, நான் உக்காந்து அழுதுட்டிருந்தேன், எதிர்ல இருந்த அண்ணன் பேப்பர இறக்கி பாத்துட்டு திரும்ப ஏத்திக்கிட்டாரு. என் ரோல் நம்பர் வந்தாலும் வரலைன்னாலும் அந்தக் கட்டுல எந்த மாத்தமும் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சது.

இப்ப எப்படிப் படிக்கிறேன்னு கேட்டா, பெரிய டைம்டேபிள் எல்லாம் இல்ல. மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிச்சேன், நாலுல சின்னது அதுதான், 16 அதிகாரம், நாளைக்கு ஒண்ணு, காலைல போன தொடுறதுக்கு முன்னாடி. ஆதியாகமத்துல ஆரம்பிச்சி லேவியராகமத்துல நின்னுபோன கேஸ் நம்ம எல்லாரும். பக்கத்துல 40 பக்க நோட்டு ஒண்ணு, புரியாதத, பிடிக்காதத எழுதி வைக்க. முதல் வாரத்துலயே 3 பக்கம் ரொம்பிருச்சு. அப்புறம் கணக்கு தினமும் 20, அதுக்கு பதிலா ஜெபம் பண்ணிக்கலாம்னு விடுறதில்ல, ஆச்சி சொல்ற மாதிரி “படிச்சதுக்கு கேளு, படிக்காததுக்கும் சேத்து கேக்காத”.

நம்ம ஓஎம்ஆர் விடைத்தாள்ல ஈ (E) ஆப்ஷன் இருக்குல்ல, விடை தெரியவில்லை. தெரியலைன்னா காலியா விடக்கூடாது, ஈய ஷேட் பண்ணணும், கடைசில எத்தன ஈன்னு எண்ணி வேற எழுதணும். சர்ச்ல நாங்க யாரும் அத ஷேட் பண்ணதே இல்ல. தெரியாட்டியும் ஆமென், சந்தேகம் இருந்தா விசுவாசக் குறைவு. மாற்கு 9-ல வலிப்பு வர்ற பையனோட அப்பா ஒருத்தரு வருவாரு, “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்”னு அழுதுட்டே கத்துவாரு. ஒரே வாயில ரெண்டும்! இயேசு அவர முதல்ல போய் விசுவாசத்த சரிபண்ணிட்டு வான்னு அனுப்பல, பையன குணமாக்கினாரு. சங்கீதம் 88-ம் பாருங்க, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் புலம்பல்தான், முடிவுல ஒரு ஸ்தோத்திரம்கூட கிடையாது, இருந்தும் அத பைபிள்ல இருந்து யாரும் தூக்கல. என் நோட்டுல இப்ப 11 ஈ இருக்கு. பச்சப்பிள்ளைங்க ஏன் சாகுதுங்கிறது முதல் ஈ, அது அப்படியே கெடக்கு. கேள்வியோட போனா முகம் சுளிக்கிறவங்க கிட்ட போகாதீங்க, நோட்ட வாங்கிப் படிச்சிட்டு எனக்கும் தெரியலன்னு சொல்ற ஒரு பெரியவங்கள கண்டுபிடிங்க, நம்ம சபைலயே பின்னாடி பெஞ்சுல உக்காந்திருப்பாங்க.

எரேமியா அந்த லெட்டர்ல சொன்ன வேல ஒண்ணு இருக்கு, வீடு கட்டுங்க, தோட்டம் வைங்க, இருக்கிற ஊரோட சமாதானத்தத் தேடுங்கன்னு. காத்திருக்கிற 70 வருஷத்துக்கும் ஹோம்வொர்க் மாதிரி. நான் சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெரு பிள்ளைங்க ஆறு பேருக்கு கணக்கு சொல்லிக்குடுக்கிறேன், எல்லாரும் சர்ச் பிள்ளைங்க இல்ல, ஆளுக்கொரு சாமி. சொல்லிக்குடுத்ததுல கூட்டுவட்டி எனக்கு தெளிவாயிருச்சு, ரெண்டாவது அட்டெம்ப்ட்ல கணக்குல 21 சரி, கட் ஆஃபுக்கு 2 கேள்வி கம்மி. அன்னைக்கும் அழுதேன், இல்லைன்னு சொன்னா பொய். ஆனா மறுநாள் காலைல நோட்ட திறந்து பன்னெண்டாவது ஈய எழுதினேன், ஏன் அந்த 2 கேள்வின்னு, அப்புறம் நானே அடிச்சிட்டேன், அதுக்கு விடை தெரியும், வரலாறு ஒழுங்கா ரிவிஷன் பண்ணல.

அந்த நீல பேனா ஆச்சி கிட்ட போயிட்டு. பால் கணக்கு எழுதுறாங்க. நல்லா எழுதுது.