மெழுகுவத்தியும் காகிதப் பையும் மட்டும்தானா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வளர்ந்த என் அக்கா மகன் அறிவுசார் குறைபாடு உள்ளவன். பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வந்துபோனவரை அவனுடைய முன்னேற்றத்தைக் கவனிக்க ஒருவராவது இருந்தார். பன்னிரண்டாம் வகுப்போடு அதுவும் நின்றுபோனது. அதன்பின் கிடைத்த பயிற்சிகள் எல்லாம் மெழுகுவத்தி வார்ப்பது, காகிதப் பை ஒட்டுவது, ஊதுவத்தி உருட்டுவது என்றே இருந்தன. அந்தத் தொழில்களை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் அவன் ஒட்டிய பைகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் இரக்கப்பட்டே வாங்கினார்கள். அந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் முதலாளி ஒருவரையும் எங்கள் பகுதியில் நான் கண்டதில்லை.

சட்டம் இதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலை இட ஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியதைப் பலரும் அறிவார்கள். அதன் 19ஆம் பிரிவை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் வேண்டும் என்றும், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் முதலியவை உள்ளவர்களுக்குச் சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சி வேண்டும் என்றும் அது சொல்கிறது. வடசென்னையில் சந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை. துணிக்கடைகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடே போதும்.

அங்கு ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். தொடக்கத்தில் தன்னார்வலர் ஒருவர் கடையிலேயே அவன் பக்கத்தில் நின்று, சட்டைகளைச் சைஸ் வாரியாகப் பிரிப்பது, மடிப்பது, விலைச்சீட்டு மாட்டுவது என வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டியதும் அவனுடைய வேகம் கூடியது; பிறகு தன்னார்வலர் மெல்ல விலகிக்கொண்டார். தீபாவளிக் கூட்ட இரைச்சல் மட்டும் இன்றும் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால், அந்நாட்களில் மாடிக் கிடங்கில்தான் வேலை. “அவன் அடுக்கின ரேக்கை நான் திரும்பப் பார்க்கிறதே இல்லை, சித்தி,” என்று என் அக்காவிடம் கடைக்காரர் சொன்னார். (கூட வேலை செய்பவர்களில் சிலருக்கு இது அவ்வளவு உவப்பாக இல்லை என்பதும் உண்மை.)

இந்தப் பயிற்சி அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய மாணவருக்கு 16 வயதாகும்போதே, பள்ளிக்குப் பிந்தைய வேலைக்கான திட்டம் அவருடைய தனிக் கல்வித் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது சட்டம். இங்கே வாரத்தில் ஓர் அரைநாள் சிறப்பாசிரியரே மாணவரை அருகிலுள்ள கடைக்கோ பட்டறைக்கோ அழைத்துச் செல்லலாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களை, சேர்த்தாக வேண்டும். பள்ளி முடித்ததும் அந்த இடங்களில் சிலவற்றை இவர்களுக்குக் கேட்டுப் பெறும் பொறுப்பையும் பள்ளியே ஏற்கலாம்.