பாலையூற்றில் ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம்

பொதுப் பாவசங்கீர்த்தனம், அதாவது வாழ்நாளில் செய்த பாவங்களை எல்லாம் சேர்த்து ஒரே தடவையில் குருவிடம் சொல்வது, செய்யப்போகிறேன் என்றதும் மனுசி கேட்ட முதல் கேள்வி: “ஏனப்பா, முந்திச் செய்ததெல்லாம் செல்லாதோ?”

செல்லும். ஒழுங்காகச் சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தைத் திரும்பச் சொல்லும்படி திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு சாவான பாவத்தை, அதாவது பாரதூரமான பாவத்தை, வெட்கத்தில் வேண்டுமென்றே மறைத்திருந்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு இது, வாழ்நாள் முழுவதையும் ஒருமுறை எடுத்துப் பார்த்து மனம் வருந்துவதற்கான வழி. மன்னிக்கப்பட்டதையே நினைத்து நினைத்துப் பயப்படுகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. அவர்களுக்குப் பயம்தான் கூடும்.

எங்கள் ஊரில் இது புதுசுமல்ல. திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. இங்கே நெடுங்காலம் பணிசெய்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற தம் தியான முறையின் முதல் வாரம் முடிந்ததும் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்வது நல்லது என்று சொல்லியிருக்கிறார்.

ஆயத்தத்துக்கு ஒரு கொப்பி வாங்கினேன். பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன், அதிகம் வரவில்லை. பிறகு இடம் இடமாக நினைக்கத் தொடங்கினேன். படித்த பள்ளிக்கூடம், உவர்மலையில் வாடகைக்கு இருந்த வீடு, வேலைசெய்த கடை, டச் பே கடற்கரையில் கூடிய கூட்டாளிமார். கொப்பி நிறைந்தது. ஒரு பாவத்தை எத்தனை தரம் செய்தேன் என்பதற்கு எனக்கு இருந்த கணக்கு “மாதத்தில் சில தரம், சில வருசம்” என்பதுதான். ஞாபகமுள்ள அளவுக்கு நேர்மையாகச் சொன்னால் போதும்.

திருகோணமலை சின்ன ஊர். இன்று பாவம் கேட்ட ஃபாதரை நாளைக்கு மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதும் காணலாம். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் அவர் வெளியே விடமுடியாது, விட்டால் அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாவார். எல்லாம் தெரிந்தும் எனக்குக் கூச்சம். அதனால் சொந்தப் பங்கை விட்டு, பாலையூற்று லூர்து அன்னை ஆலயத்துக்குப் போவதென்று முடிவெடுத்து, நேரம் கூடத் தேவைப்படும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தேன். பூசைக்கு முந்திய அவசரத்தில், பின்னால் சனம் வரிசையில் நிற்க, இதைச் செய்யக்கூடாது.

லூர்து அன்னை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நோயாளிகள். ஆனால் 1858 பெப்ரவரி 24ஆம் திகதி அன்னை லூர்தில் தம்மைக் காட்சியில் கண்ட சிறுமி பெர்னதெத்திடம் சொன்னது “தவம், தவம், தவம்” என்பதே. பாவிகளுக்காகச் செபிக்கவும் கேட்டுக்கொண்டார். நோயாளிகள் நாடும் ஊற்று வெளிப்பட்டது அதற்கு அடுத்த நாள். இங்கே வருகிறவர்களில் எத்தனை பேர் முதலில் தவம், பிறகு ஊற்று என்ற அந்த வரிசையை யோசிப்பார்களோ தெரியாது. நானும் வாங்கில் இருந்து கொப்பியைப் பிரித்தபோதுதான் யோசித்தேன்.

ஃபாதர் கொப்பியைப் பார்த்து வாசிக்க விட்டார். கண்ணாடி வியர்த்து எழுத்து மங்கியது, துடைத்துத் துடைத்து வாசித்தேன். அவர் இடைமறித்தது ஒரே இடத்தில்தான்: இளவயதில் வேலைசெய்த கடையின் லாச்சியிலிருந்து எடுத்த காசு.

“திருப்பிக் குடுத்தீங்களோ?”

“முந்தியே பாவசங்கீர்த்தனத்தில சொல்லிட்டன், ஃபாதர்.”

“மன்னிப்புக் கிடைச்சிட்டுது. காசு இன்னும் முதலாளியின்ரதான்.”

முதலாளி இறந்துவிட்டார், பிள்ளைகள் சண்டைக் காலத்தில் வெளிநாடு போய்விட்டார்கள் என்றேன். உரிமையுள்ளவர்களைத் தேடிப் பாருங்கோ, உண்மையாகவே கிடைக்காவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கோ என்றார். யார் தந்தது என்று அந்த உரிமையுள்ளவர்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லையாம். இவ்வளவு காலமும் மன்னிப்போடு இதுவும் சேர்ந்து தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஞாயிறு மறைக்கல்வியில் இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

பாவப் பரிகாரமாக, மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கும் 51ஆம் திருப்பாடலைச் சொல்லத் தந்தார். மன்னிப்பு வார்த்தைகள் முடிந்ததும் எழும்ப முழங்கால் விடவில்லை, பிடித்துத்தான் எழும்பினேன். திருப்பாடலை அங்கேயே மெதுவாகச் சொல்லி முடித்தேன்.

திரும்பும் வழியில் கடை இருந்த தெருவில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். அந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை. பக்கத்துத் தையல்காரருக்கு முதலாளியின் மகளைத் தெரிந்திருந்தது. கனடாவில் இருக்கிறாவாம், நம்பர் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.