பதினைந்து நாள்

பதினாறாம் நாள் காலையில் அந்த அம்மா கிளைச்சிறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மகனுக்குப் புதுச் சட்டையும் கைலியும். "பதினஞ்சு நாள் முடிஞ்சிருச்சு தம்பி, கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார்.

இது 2011-இல் நடந்தது. வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு அது ஆறாவது வருடம். வேறொரு கட்சிக்காரரின் ஜாமீன் உத்தரவோடு அங்கே போயிருந்தேன். அந்த அம்மாவின் மகன் மேல் பைக் திருட்டு வழக்கு. அவனை ராத்திரியில் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, வெளியே நின்றவரிடம் யாரோ "பதினஞ்சு நாள் ரிமாண்ட்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார். தண்டனையே கொடுத்தாச்சு, இனி வக்கீல் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டார். ஜாமீன் மனு போட்டிருக்க வேண்டிய இரண்டு வாரம் அப்படியே போனது.

ரிமாண்ட் தண்டனை இல்லை. கைது செய்த ஒருவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவே இதைச் சொல்கிறது. விசாரணை முடியவில்லை, காவலில் வைக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டால், மாஜிஸ்திரேட் பார்த்து உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் தர முடியாது. அதனால்தான் எல்லார் வாயிலும் அந்தப் பதினைந்து. அது முடிந்தால் காவல் நீட்டிப்பு. அப்புறம் இன்னொரு நீட்டிப்பு. "அடித்தார்களா? கைது எதற்கென்று சொன்னார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டியதும் தன் முன் நிறுத்தும் அந்த நேரத்தில்தான். அந்த இரண்டு நிமிடத்தில் பயப்படாமல் வாய் திறக்க வேண்டும் என்று யாராவது அந்தப் பையன்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

நீட்டிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் என்கிற வழக்குகளில் 90 நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து எங்களுக்குள் இதை 167(2) பெயில் என்போம். 2024 ஜூலை 1-இல் புதுச் சட்டங்கள் வந்த பிறகு அது 187(3). ஆனால் நாள் எண்ணிக்கொண்டிருந்து மனு போட வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு.

என் சீனியர் வழக்கை எடுத்துக்கொண்டார். 27-ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. பையன் வெளியே வந்தது 38-ஆம் நாள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. சொந்தக்காரர்களில் வீட்டு வரி ரசீது வைத்திருந்தவர் ஒரே ஒரு மாமா. "திருட்டு கேஸுக்கா கையெழுத்து?" என்று அவர் பதினொரு நாள் இழுத்தார். இதற்கு இன்று கொஞ்சம் வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கேட்க வருமான வரம்பும் கிடையாது. இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நகல் கொடுத்த அன்று அந்த அம்மா என்னிடம் கேட்டதை மறக்கவே முடியவில்லை. தாளில் மகன் பெயருக்குப் பக்கத்தில் 'எதிரி' என்று இருந்தது. "இவன் யாருக்கு எதிரி தம்பி?" என்றார். குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் கோர்ட் தமிழில் அப்படித்தான் எழுதுவார்கள், வழக்கில் எதிர்த் தரப்பு என்பதுதான் பொருள் என்று சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. அந்த ஊரிலோ அவனைக் குற்றவாளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைதான மறுநாளே அந்த வார்த்தையைப் போடுகிற செய்திகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் ஒருவர் குற்றவாளி. அதுவரை அவர் விசாரணைக் கைதி, இல்லையென்றால் ஜாமீனில் இருப்பவர். அவ்வளவுதான்.

மூன்று வருடம், எண்ண முடியாத வாய்தா. பைக்கைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதிய பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும், போலீஸ் தரப்புக்கு மாறாகச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார்கள். "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறது" என்று தீர்ப்பு வந்தது. வராந்தாவில் வைத்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

"இன்னமும் சந்தேகம் இருக்குன்னா எழுதியிருக்காங்க?"

பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "அந்தச் சந்தேகம் உங்க மகன் மேல இல்லம்மா, போலீஸ் சொன்ன கதை மேல. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. அது முடியலைன்னா, சட்டத்துக்கு முன்னாடி உங்க மகன் குற்றம் செய்யாதவன்தான்."

இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் தீர்ப்பு நகல் இரண்டு வேண்டும் என்றார். ஒன்று வீட்டில் வைக்க. இன்னொன்று, மகனை வேலையை விட்டு நிறுத்திய பட்டறை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்ட. அன்று சாயங்காலமே நகல் மனு எழுதினேன்.