லெகோலாஸ் டோப்பா: இடது பக்க நெற்றி விளிம்பு மறைந்துவிட்டது

நான் கையால் கட்டிவரும் டோப்பாவைப் பக்கவாட்டில் விளக்கை வைத்து, அருகிலிருந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். இடது நெற்றிப்பொட்டிலிருந்து நடு நெற்றி வரை லேஸ் (முடியை முடிச்சிட்டுக் கட்டும் மெல்லிய வலை) எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வலது பக்கம் இன்னும் வெறும் வலையாகக் கிடக்கிறது. அதை முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. இந்த அரை நெற்றிக்காகவே தனியாக எழுதலாம்.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் எத்தனையோ டோப்பாக்கள் இருக்க, ஏன் லெகோலாஸ்? அதில்தான் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. லெகோலாஸ் என்ற எல்ஃபாக (கூர்காது கொண்ட கற்பனை இனத்தவன்) நடித்த ஆர்லாண்டோ ப்ளூமுக்கு இயல்பில் கருமையான முடி, பழுப்புக் கண்கள். பொன்னிற முடி முழுக்க டோப்பா. நீலக் கண்கள் லென்ஸ். சில காட்சிகளில் லென்ஸ் இல்லாமல் கண் பழுப்பாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணில் அப்படித் தவறியிருக்கிறது. முடியில் தவற வழியில்லை. ஏனென்றால் முன்முடி மொத்தமும் பின்னோக்கி வாரப்பட்டிருக்கிறது. விளிம்பை மூட ஒரு கற்றைகூட நெற்றியில் விழாது. பீட்டர் ஓவென், பீட்டர் கிங் இருவரின் முடி, ஒப்பனை வேலையை நான் வியப்பது இதற்காகத்தான். முதல் பாகத்துக்காக 2002இல் ஓவெனும் ரிச்சர்ட் டெய்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள். மூன்றாம் பாகத்துக்காக 2004இல் டெய்லரும் கிங்கும் வாங்கினார்கள். 2020இல் வந்த 4கே பதிப்பை நிறுத்தி நிறுத்தி, நான் பார்த்ததெல்லாம் நெற்றிகளைத்தான்.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். பின்தலையில் ஒரு முடிச்சுக்கு நான்கைந்து முடி எடுத்தாலும் குற்றமில்லை. முன்வரிசையில் ஒரு முடிச்சுக்கு ஒரே முடி, அதுவும் இருப்பதிலேயே மெல்லியது, வெளிர் நிறத்தது. ஆரி வேலை தெரிந்தவர்களுக்குக் கொக்கி ஊசி புதிதில்லை. ஆனால் இந்த ஊசியின் கொக்கி அதைவிட மிக நுண்ணியது. ஒரு முடியை மட்டும் கவ்வும் அளவு கொண்ட ஊசியைத் தவிர வேறு எதையும் இந்த வரிசையில் தொடக்கூடாது.

உள்ளே நுழைப்பது எளிது. வெளியே எடுப்பதுதான் வித்தை. முடியைக் கவ்விய கொக்கி திரும்பி வரும்போது லேஸ் நூலையும் சேர்த்து இழுக்கும். நூல் அறுந்தால் அந்தக் கண் (வலைத் துளை) போயிற்று. கவ்வியவுடன் ஊசியின் முதுகை லேஸ் கண்ணின் ஓரத்தில் அழுத்தி, கொக்கியின் வாய் காலியான பக்கம் இருக்கும்படி விரலிடுக்கில் ஊசியை உருட்ட வேண்டும். அதே நேரத்தில் இடது கை முடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இடது கை தளர்ந்தால் முடி கொக்கியிலிருந்து நழுவிவிடும். ஊசியைப் பழகுவதாக நினைத்து நெடுநாள் பழகியது உண்மையில் அந்த இடது கை இறுக்கத்தைத்தான். அது கைவந்த பிறகு வேகம் தானாக வந்தது.

அடுத்தது திசை. ஊசி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் முடி படுக்கும். நடு நெற்றியில் நேர் பின்னோக்கி. நெற்றிப்பொட்டை நெருங்க நெருங்கக் காதை நோக்கிச் சாய வேண்டும். வரிசையையும் நேர்கோடாகக் கட்டக்கூடாது. ஒரு கண் விட்டு, இரண்டு கண் விட்டு, ஒழுங்கில்லாமல் போனால்தான் முளைத்த முடிபோல இருக்கும். கடையில் விற்கும் டோப்பாக்கள் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுப்பது அந்த நேர்கோட்டால்தான்.

முடி பற்றி ஒரு புலம்பல். நம் கோயில்களில் மொட்டையடித்த முடி உலகத்து டோப்பாக்களுக்குப் போகிறது. திருமலை முடி ஏலத்துக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, உள்ளூரில் நல்ல முடி சில்லறையில் வாங்குவது பெரும்பாடாக இருக்கிறது. ஒரு வியாபாரி செயற்கை இழை கலந்த கட்டைத் தூய மனித முடி என்று கொடுத்தார். ஒரு இழையை நெருப்பில் காட்டினால் போதும்: மனித முடி கருகிப் பொடியாகும், செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். வேர்கள் ஒரு பக்கம், நுனிகள் ஒரு பக்கம் என்று தலைமாறாமல் கட்டிய முடிதானா என்பதையும் பார்த்து வாங்குங்கள். மாறியிருந்தால் முடியின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துச் சிக்காகிவிடும். பிறகு எந்தச் சீப்பாலும் மீட்க முடியாது.

நம் கருமுடியைப் பொன்னிறமாக்க 6 சதவீதப் பெராக்சைடுக்கு மேல் போகவே இல்லை. மெதுவாக, இடைவெளி விட்டு வெளுத்து, மீந்த மஞ்சளை ஊதா டோனர் கொண்டு அடக்கினேன். முடி இன்னும் பட்டாக இருக்கிறது. வெளுத்த பிறகு கட்டுவதில் இன்னொரு லாபம், கரும்புள்ளி முடிச்சுகள் தெரியாது.

வலது பக்கம் முடியுமுன்பே மனம் காதுகளுக்குப் போய்விட்டது. படத்தில் எல்ஃப் காதுகளுக்கு ஜெலட்டின் பயன்படுத்தினார்கள். ஒளி ஊடுருவும் என்பதால் அசல் காதுமடல்போலத் தெரியும். ஓரங்களை விட்ச் ஹேசல் (ஒரு செடியிலிருந்து எடுக்கும் திரவம்) தொட்டுக் கரைத்துத் தோலோடு சேர்த்துவிடலாம். ஆனால் வியர்வையும் வெப்பமும் அதற்கு எதிரி. நியூசிலாந்தின் குளிரில் ஒரு நாள் தாங்கும் காது சென்னை மே மாதத்தில் மதியம்வரை தாங்குமா என்பது ஐயமே. ஜெலட்டினில் கிளிசரினும் சார்பிட்டாலும் கூட்டி ஒரு கலவை, சிலிக்கானில் ஒரு ஜோடி என்று இரண்டையும் வார்த்துப் பார்க்கப் போகிறேன். அச்சுக்கு என் காதையே படியெடுத்தாகிவிட்டது, பிளாஸ்டர் காய்ந்துகொண்டிருக்கிறது.

காதுக்கு மேல் வரும் பின்னலை அதற்குப் பிறகுதான் போட முடியும். காதின் உயரம் தெரியாமல் பின்னினால் பின்னல் நுனிக்காதில் இடிக்கும். அதுவரை வலது நெற்றிப்பொட்டு.